அரை வினைகளைச் சமன்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரான் கைமாறும் ரெடாக்ஸ் வினைகளை, எலக்ட்ரானை ஏற்பது ஒன்று, இழப்பது ஒன்று என இரண்டு அரை வினைகளாகப் பிரித்துச் சமன்செய்வோம். இந்தச் சமன்பாடுகளில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணுகிறார்கள். மின்சுமையைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

டைகுரோமேட் அயனியை (Cr₂O₇²⁻) எடுத்துக்கொள்வோம். அமில ஊடகத்தில் அது எலக்ட்ரானை ஏற்று குரோமியம் +3 அயனியாக ஒடுங்குகிறது. ஆக்சிஜனேற்ற எண் +6-லிருந்து +3-க்கு இறங்கியதைப் பார்த்ததும் பலர் 3 எலக்ட்ரான் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் டைகுரோமேட்டில் இருப்பது இரண்டு குரோமியம். முதலில் வலப்பக்கம் 2 குரோமியம் அயனி போடுங்கள். 7 ஆக்சிஜனுக்காக அதே பக்கம் 7 நீர் மூலக்கூறு. அந்த நீரில் உள்ள 14 ஹைட்ரஜனுக்காக இடப்பக்கம் 14 ஹைட்ரஜன் அயனி. இப்போது மின்சுமை: இடப்பக்கம் −2-உம் +14-உம் சேர்ந்து +12, வலப்பக்கம் +6. ஆக, இடப்பக்கம் 6 எலக்ட்ரான் வர வேண்டும். எலக்ட்ரானைக் கடைசியில் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முந்தைய படியில் எதையாவது விட்டிருந்தால் மின்சுமை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக்சிஜன் குறைகிறதே என்று ஆக்சிஜன் வாயுவைச் சேர்ப்பது, வாய்பாட்டின் கீழெண்ணை மாற்றுவது, இரண்டுமே கூடாது.

கார ஊடகம்தான் அதிகம் குழப்புகிறது. பெர்மாங்கனேட் (MnO₄⁻) மாங்கனீசு டைஆக்சைடாக (MnO₂) மாறும் வினையை முதலில் அமில ஊடகம் போலவே சமன்செய்யுங்கள். இடப்பக்கம் 4 ஹைட்ரஜன் அயனி, 3 எலக்ட்ரான். வலப்பக்கம் 2 நீர். அப்புறம் இரண்டு பக்கமும் 4 ஹைட்ராக்சைடு அயனி சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் எல்லாம் கெட்டது. இடப்பக்கம் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து உருவாகும் 4 நீரில், வலப்பக்க நீருடன் 2 அடிபட்டு 2 மிஞ்சும். வலப்பக்கம் 4 ஹைட்ராக்சைடு நிற்கும். மின்சுமை இருபுறமும் −4. சரி. விடையில் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தே நின்றால் எங்கோ தவறு.

கடைசியாக, இரண்டு அரை வினைகளையும் கூட்டும்போது. ஆய்வகத்தில் தரம் பார்க்கும் பெர்மாங்கனேட்–ஆக்சாலிக் அமில வினையில், அமிலத்தில் பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரானை ஏற்கும், ஆக்சலேட் (C₂O₄²⁻) 2 எலக்ட்ரானை இழக்கும். எலக்ட்ரான்கள் சமமாக, முதலாவதை 2-ஆலும் மற்றதை 5-ஆலும் பெருக்க வேண்டும். அப்போது பெர்மாங்கனேட் அரை வினையில் இருந்த 8 ஹைட்ரஜன் அயனி 16 ஆகும், 4 நீர் 8 ஆகும். பெர்மாங்கனேட்டை மட்டும் பெருக்கிவிட்டு இந்த இரண்டையும் அப்படியே விட்டுவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சரியான விடையில் இருபுறமும் மின்சுமை +4 வரும்.