காலையில் எழ மறுக்கும் மானிட்டர்: மின்தேக்கிகளை நாமே மாற்றும் முறை

எங்கள் வீட்டு மானிட்டரில் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு கண்சிமிட்டும். திரை மட்டும் வராது. முதலில் ஐந்து நிமிடத்தில் வந்தது, பிறகு பத்தாகி, ஒரு கட்டத்தில் நான் பசியாறி முடித்த பின்னும் வராமல் இருந்தது. பழுதுபார்க்கக் கேட்ட கூலி புதியதன் விலையில் பாதியைத் தாண்டியதால், இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று நானே திறந்தேன். உள்ளே, மின்வழங்கிப் பலகையில் மூன்று மின்தேக்கிகளின் (கெபாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு உருளை) தலை உப்பியிருந்தது. அவற்றை மாற்ற ஆன செலவு ஐந்து வெள்ளிக்குள் அடங்கிவிட்டது.

இந்த அறிகுறிக்குக் காரணம் உண்டு. மின்தேக்கிக்குள் இருக்கும் மின்பகு திரவம் ஆண்டுக்கணக்கான சூட்டில் வற்றும்போது அதன் உள் மின்தடை ஏறிவிடுகிறது. குளிர்ந்த நிலையில் அத்தடை இன்னும் கூடுதல் என்பதால்தான், சற்றுச் சூடேறிய பின் மானிட்டர் உயிர் பெறுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் மானிட்டரைத் திணித்து வைத்த நானே அதைக் குறைத்திருக்கிறேன்.

திறப்பதற்கு முன், அறையை இருட்டாக்கித் திரைமேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோ கோளாறு. மின்தேக்கி மாற்றி அது சரியாகலாம், ஆகாமலும் போகலாம். விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தால் மேலே தொடரலாம்.

அடுத்தது, எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாத படி. நம் 230 வோல்ட் மின்சாரம் பலகையில் ஒரே திசையில் பாயும் மின்சாரமாக (DC) மாறும்போது 325 வோல்ட் வரை எட்டுகிறது. பலகையிலேயே பருத்திருக்கும் 400 அல்லது 450 வோல்ட் மின்தேக்கி அதைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மூடியைத் திறந்ததும் அந்த மின்தேக்கியின் இரு கால்களுக்கிடையே மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மின்னழுத்தம் மீதமிருந்தால், 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் காப்புறையிட்ட கவ்விகளால் சில நொடிகள் இணைத்து வடியவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

மூடியைத் திறப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. திருகுகளைக் கழற்றிய பின், காலாவதியான ஈஸி-லிங்க் பயண அட்டையை விளிம்பில் செருகி நகர்த்தினால் கொக்கிகள் விடுபடும். அதற்கென்று விற்கும் கருவிகளைவிட அது மேல். வடங்களைப் பிரிக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொண்டு, சிங்கப்பூரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போனேன். கணினிகள் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அதற்கு எதிரே ஜாலான் புசார் சாலையில் உதிரிபாகங்கள் விற்கும் கட்டடம். மைக்ரோஃபாரட் அளவு அதே இருக்க வேண்டும். வோல்ட் அதே அல்லது சற்றுக் கூடுதல். வெப்பத் தாங்கு திறன் 105 பாகை. உள் மின்தடை குறைந்த வகை. 85 பாகை வகையைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்பாதவையும் கெட்டிருக்கக் கூடும் என்பதால், அதே வரிசையிலுள்ள எல்லாவற்றையும் மாற்றுவதே என் வழக்கம்.

என்னைத் தடுக்கிவிழ வைத்தது கழற்றும் வேலைதான். நேர்மின் கால் எளிதாக வந்துவிட்டது. எதிர்மின் கால் அசையவே இல்லை. அது பலகையின் அகன்ற செம்புத் தளத்தோடு சேர்ந்திருப்பதால், என் 25 வாட் சோல்டரிங் அயர்ன் தந்த சூட்டை அத்தளமே குடித்துவிட்டது. பொறுமையிழந்து இழுத்தேன், துளையைச் சுற்றியிருந்த செம்பு வளையம் காலோடு பெயர்ந்து வந்தது. அதே தடத்தின் அடுத்த புள்ளிக்கு ஒரு கம்பி இழுத்துத்தான் சமாளித்தேன்.

கால்களைப் பலகையோடு பற்றவைக்கும் உலோகத்தை ஈயம் என்று பழக்கத்தில் சொன்னாலும், இப்பலகைகளில் இருப்பது பெரும்பாலும் காரீயம் கலவாத வெள்ளீயக் கலவை. அது உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். காரீயம் கலந்த பழைய வகையோ 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். ஆகவே முதலில் பழைய வகை ஈயத்தைச் சிறிது அந்த மூட்டில் சேர்த்து உருக்குங்கள். இரண்டும் கலந்ததும் மூட்டு வெண்ணெயாய் இளகும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் 60 வாட் கருவி வாங்குங்கள். மற்றச் செலவுகளில் கஞ்சத்தனம் செய்யலாம், இதில் வேண்டாம். அடைபட்ட துளையைச் சூடாக்கி, மரப் பல்குச்சியைச் செருகினால் திறந்துகொள்ளும்.

புதியதைப் பொருத்தும்போது, உடலில் பட்டை உள்ள பக்கம் எதிர்மின் கால் என்பதை மறவாதீர்கள். பலகையின் நிழலிட்ட பாதியைக் கண்மூடித்தனமாக நம்பாமல், பழையது இருந்த திசையைப் படத்தில் சரிபாருங்கள். தலைகீழாகப் பொருத்தினால் வெடிக்கும். முழுவதும் மூடிய பிறகே மின்சாரம் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், புதிய மின்தேக்கி உயரமாக இருப்பதால் பின்மூடி பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். கடைக்குப் போகும்போது விட்டத்தையும் உயரத்தையும் சேர்த்து அளந்து செல்லுங்கள். 10 மில்லிமீட்டர் விட்டமென்றால் கால்களுக்கிடையே 5 மில்லிமீட்டர் இருக்கும். வாங்கியாகிவிட்டது என்றால், கால்களைச் சற்று நீளமாக விட்டுக் காப்புக்குழல் மாட்டி, பக்கத்தில் இடமிருக்கும் திசையில் படுக்க வைக்கலாம். வெப்பம் கக்கும் அலுமினியத் தகட்டின் மேல் மட்டும் சாய்க்காதீர்கள்.