ஆயா வூட்டு நிடோ டின்ல வெளிநாட்டு நோட்டு: எது ஓடும், எது ஓடாது, எங்க மாத்தறது

போன போகிக்கு தண்டையார்பேட்டைல எங்க ஆயா வூட்ட ஒழிச்சப்போ பரண் மேலருந்து ஒரு பழைய நிடோ பால் பவுடர் டின் எறங்குச்சு, தொறந்தா உள்ள ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டு, ரப்பர் பேண்டு நோட்டோட நோட்டா ஒட்டி உருகிப் போயிருந்துச்சு. எங்க வூட்ல பெரியப்பா கப்பல்ல வேல செஞ்சவரு, மாமா குவைத்ல பதினாலு வருஷம், ஆயாவோட அப்பா ரங்கூன்லருந்து வந்தவரு. மூணு பேரும் கொண்டாந்து போட்டதெல்லாம் அந்த ஒரே டின்ல. வடசென்னைல ஹார்பர் பக்கம், காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டன்னு எந்த வூட்ட ஒழிச்சாலும் இந்த மாதிரி ஒரு டப்பா இருக்கும்னு நெனைக்கறேன். அதான் நான் பண்ணத, பண்ணக் கூடாம பண்ணத எல்லாம் சேத்து எழுதறேன்.

ஸ்டெப் 1: மொதல்ல கைய கட்டிக்கோங்க

நோட்டு கசங்கி இருக்குன்னு அயர்ன் பண்ணாதீங்க, தண்ணில அலசாதீங்க, கிழிஞ்ச எடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, லாமினேஷன் சத்தியமா வேணாம். டேப் ஒட்டுன நோட்ட மணி சேஞ்சரும் எடுக்க மாட்டான், கலெக்ஷன் பண்றவங்களும் மூஞ்ச சுளிப்பாங்க. நான் அந்த ரப்பர் பேண்ட புடிச்சு இழுத்ததுல ஒரு நோட்டோட ஓரம் கூடவே வந்துடுச்சு. அவசரம், வேற என்ன. பொறுமையா ஒவ்வொண்ணா பிரிச்சு, ஒரு வெள்ள பேப்பருக்கு நடுவுல வெச்சு, மேல கனமா ஒரு டிக்‌ஷனரி வெச்சு ரெண்டு நாள் வுட்டா போதும்.

ஸ்டெப் 2: எந்த ஊரு, எந்த வருஷம்

அரபி எழுத்து மட்டும் தெரிஞ்சா பயப்படாதீங்க, திருப்புங்க. வளைகுடா நாட்டு நோட்டுல பின்பக்கம் இங்கிலீஷ்ல பேங்க் பேரு இருக்கும். சிங்கப்பூர், இலங்கை, மொரீஷியஸ் நோட்டுல தமிழே இருக்கும், அத பாத்துட்டு எங்க ஆயா 'நம்ம நோட்டுதான்டீ'ன்னு எடுத்து முந்தானைல முடிஞ்சுகிட்டாங்க. அத வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நாடு, தொகை, அச்சடிச்ச வருஷம், யாரு படம்னு தனியா ஒரு நோட்டு புக்குல எழுதுங்க. சைபர பாத்து மட்டும் மயங்காதீங்க. துருக்கில 2005ல ஆறு சைபர வெட்டிட்டாங்க, பழைய பத்து லட்சம் லிரான்னா புதுசுல ஒரே ஒரு லிரா, அதையும் மாத்தறதுக்கான டைம் 2015ஓட முடிஞ்சு போச்சு. ஜிம்பாப்வேல ஒண்ணுக்கு பின்னாடி 14 சைபர் போட்டு நோட்டே அடிச்சாங்க, அது பணமா செத்துப் போச்சு, ஆனா வேடிக்கைக்கு வாங்கறவங்க இன்னும் இருக்காங்க.

ஸ்டெப் 3: உயிரோட இருக்கா, செத்துடுச்சா

இதுதான் முக்கியமான வேல, இங்கதான் ரொம்ப பேரு கோட்ட வுடறாங்க. பழசுன்னாலே செல்லாதுன்னு நாமளே முடிவு பண்ணிடறோம், 2016 நவம்பர் 8 ராத்திரி நம்மள அப்படி பழக்கிடுச்சு. ஆனா ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சட்டம்.

அமெரிக்க டாலர் சாகாது. 1861லருந்து அடிச்சது எல்லாமே அதே தொகைக்கு செல்லும். எங்க டின்ல இருந்தது சின்ன தல போட்ட 100 டாலர், அதாவது பெரிய தல போட்டு 1996ல டிசைன் மாத்தறதுக்கு முன்னாடி வந்தது. மண்ணடி பக்கம் ஒரு மணி சேஞ்சர்கிட்ட நீட்டுனா, 'இது ஓல்டு நோட்டு, பாதி ரேட்டுதான் தருவேன்'னு சொல்லி நோட்ட மேசைல தூக்கிப் போட்டான். எனக்கு கோவம் வந்துடுச்சு, எடுத்துகிட்டு வந்துட்டேன். அடுத்த தெருவுலயே இன்னொருத்தரு வெளிச்சத்துல புடிச்சு உள்ள ஓடற இழைல 'யூஎஸ்ஏ 100'ன்னு எழுத்து தெரியுதான்னு பாத்தாரு, மெஷின்ல ஒரு தடவ வுட்டாரு, கொஞ்சமே கொஞ்சம் கம்மி ரேட்டுக்கு எடுத்துகிட்டாரு. நோட்டு செல்லும்கறது வேற, அத எடுத்தே ஆகணும்னு கடக்காரனுக்கு கட்டாயம் இல்லங்கறது வேற. அதனால ஒரு கடைல சொன்னத வேதவாக்கா எடுத்துக்காதீங்க, மூணு கடையாவது ஏறி எறங்குங்க.

சிங்கப்பூர் 1967லருந்து போட்ட நோட்டு எல்லாம் இன்னும் செல்லும். கப்பல் படம் போட்ட 2 டாலர் எங்ககிட்ட நாலு இருந்துச்சு. இங்க அத மாத்த அலையறது வேஸ்ட்டு, அங்க வேல செய்யற தம்பிகிட்ட குடுத்தா காப்பி குடிச்சிட்டு போறான். மலேசியால 500, 1000 ரிங்கிட் நோட்டு வெச்சிருந்தீங்கன்னா கஷ்டம், 1999 ஜூலையோட செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.

இங்கிலாந்து பவுண்டு காயித நோட்டு கடைல செல்லாது, கடைசியா 20, 50 பவுண்டு காயிதத்த 2022 செப்டம்பர் 30ஓட நிறுத்துனாங்க. ஆனா பேங்க் ஆஃப் இங்கிலாந்து காலத்துக்கும் மாத்திக் குடுக்கும்.

யூரோ வந்த நாடுங்க கத தனி. ஜெர்மனி மார்க்குக்கு கடைசி தேதியே கெடயாது, 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோன்னு கணக்கு. பெரியப்பா ஹாம்பர்க்லருந்து கொண்டாந்த 50 மார்க்குக்கு 25 யூரோவுக்கு மேல வருது. நெதர்லாந்து கில்டர் நோட்டுக்கு 2032 ஜனவரி 1 வரைக்கும் டைம் இருக்கு. பிரெஞ்சு பிராங்க் 2012லயே க்ளோஸ், இத்தாலி லிராவும் போச்சு, ஸ்பெயின் பெசேட்டா 2021 ஜூன் 30ஓட போச்சு.

இப்போ வயிறு எரிஞ்ச கத. மாமாவோட பழைய 10 குவைத் தினார். அந்த சீரிஸ் 2015லயே கடைல செல்லாதுன்னு ஆயிடுச்சு, ஆனா அங்க சென்ட்ரல் பேங்க்ல மாத்திக்க 2025 ஏப்ரல் வரைக்கும் டைம் குடுத்திருந்தாங்க. எங்க கைல கெடச்சது அதுக்கு அப்புறம். 2,500 ரூபாக்கு மேல, பரண்லயே பொணமா போச்சு. மாமா அத பாத்துட்டு ஒண்ணுமே பேசல, சட்ட பாக்கெட்ல வெச்சுகிட்டு டீ குடிக்க போயிட்டாரு. அதனாலதான் சொல்றேன், நாள தள்ளாதீங்க, அந்தந்த நாட்டு சென்ட்ரல் பேங்க் வெப்சைட்ல போயி பாருங்க, யூடியூப்ல எவனோ சொன்னத நம்பாதீங்க.

சதாம் உசேன் படம் போட்ட இராக் தினார் 2004 ஜனவரி 15ஓட செத்துடுச்சு. 'சீக்கிரம் மதிப்பு ஏறும், வாங்கி வையி'ன்னு எவனாவது இராக் தினார் வித்தான்னா ஓடிடுங்க.

ஸ்டெப் 4: செத்த நோட்டுக்கு வேற உயிரு

பணமா செல்லாதது எல்லாம் குப்ப இல்ல. எங்க டின்ல அடில 'ஜாப்பனீஸ் கவர்மென்ட்'னு அச்சடிச்ச 10 ரூபா நோட்டு, அதுல இருக்கற குறி எழுத்து 'பி'ல ஆரம்பிக்குது. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் பர்மாவ புடிச்சப்போ அடிச்சு வுட்ட நோட்டு அது, மலேயாவுக்குன்னா 'எம்'ல ஆரம்பிக்கும், அங்க 10 டாலர் நோட்டுல வாழ மரம் இருக்கும். சண்ட முடிஞ்ச அன்னிக்கே வெறும் காயிதம் ஆயிடுச்சு. கட்டுக் கட்டா அடிச்சதால இன்னிக்கும் பெரிய வெல போகாது, லட்சக்கணக்குல கனவு காணாதீங்க. பர்மால அதுக்கப்புறமும் 1964, 1985, 1987ன்னு மூணு தடவ நோட்ட செல்லாதுன்னு சொல்லி ஜனங்கள அலைய வுட்டாங்க, அதனால பழைய கியாட்டும், அதாவது பர்மா பணமும், அப்படித்தான்.

நெஜமா கவனிக்க வேண்டியது நம்ம ரிசர்வ் பேங்கே வெளியூருக்குன்னு அடிச்சது. 1959ல வளைகுடாவுக்குன்னு தனி கலர்ல, நம்பர் 'இசட்' எழுத்துல ஆரம்பிக்கற நோட்டு வந்துச்சு, ஹஜ் போறவங்களுக்குன்னு தனியா ஒண்ணு, பர்மால மட்டும் செல்லும்னு மேல அச்சு குத்துனது ஒண்ணு. இது கெடச்சா அவசரப்பட்டு பத்துக்கும் இருவதுக்கும் தள்ளிடாதீங்க. மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி எடத்துல இருக்கறவங்ககிட்ட, இல்ல நாணயக் கண்காட்சி நடக்கறப்போ போயி ரெண்டு மூணு பேருகிட்ட காட்டி வெல கேளுங்க. மடிப்பு இல்லாத நோட்டுக்கும் நாலா மடிச்ச நோட்டுக்கும் வெல மலைக்கும் மடுவுக்கும் இருக்கும்.

ஆனா ஆன்லைன்ல 'உங்க பழைய நோட்டுக்கு 5 லட்சம்'னு வர்றது முழுக்க பிராடு. என் சித்தி பையன் போட்டோ அனுப்பினான், 'ரிசர்வ் பேங்க் சார்ஜ் 2,500 கட்டுங்க'ன்னாங்க, கட்டிட்டான், அதோட அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இந்த மாதிரி எந்த கட்டணமும் நாங்க வாங்கறதில்லன்னு ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு.

ஸ்டெப் 5: மாத்தப் போறப்போ

ஆதார், பான் எடுத்துட்டுப் போங்க. கடைல ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் மாட்டியிருக்கா பாருங்க. கூகுள்ல வர்ற ரேட்டு கெடைக்காது, 'பையிங் ரேட்டு' என்னன்னு கேளுங்க, அது எப்பவும் கொஞ்சம் கம்மிதான். சில்லற காச எவனும் வாங்க மாட்டான், பசங்களுக்கு வெளயாட குடுத்துடுங்க. ரசீது கட்டாயம் வாங்குங்க. ரோட்ல நின்னு 'டாலர் டாலர்'னு கூப்புடறவன்கிட்ட நல்ல ரேட்டுன்னு போனீங்கன்னா அது சட்டப்படி தப்பு, கள்ள நோட்டு பேஜாரு வேற. இங்க இருக்கற நாம வெளிநாட்டு நோட்ட 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் வூட்ல வெச்சுக்கலாம், அதுக்கு மேல கெடச்சா பேங்க்லயோ லைசென்ஸ் உள்ள சேஞ்சர்கிட்டயோ குடுத்துடுங்க.

மார்க், பவுண்டு மாதிரி வெளிநாட்டு பேங்க்லதான் மாறும்னா போறவங்க கைல குடுத்து அனுப்பறதுதான் சுலபம். எங்க பெரியப்பாவோட 50 மார்க்க ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அக்கா பொண்ணுகிட்ட குடுத்திருக்கோம், அவ மேல்படிப்புக்கு ஜெர்மனி போறா. வர்ற 25 யூரோவ என்ன பண்றதுன்னு இப்பவே வூட்ல சண்ட, பெரியப்பா மட்டும் 'ஹாம்பர்க்ல அந்த நோட்ட வாங்குன அன்னிக்கி பனி கொட்டுச்சு'ன்னு சொல்லிட்டே இருக்காரு.