ஜெர்மனியில் ஒரு தன்னார்வ ஆண்டு: எஃப்எஸ்ஜேக்குத் தயாராவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்போ பட்டப்படிப்போ முடித்துவிட்டு, லட்சங்களைக் கொட்டாமல் ஒரு வருடம் வெளிநாட்டில் வாழ்ந்து பார்க்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஜெர்மனி வைத்திருக்கும் வாசல் எஃப்எஸ்ஜே. முழுப்பெயர் 'ஃப்ரைவில்லிகஸ் சோட்சியாலஸ் யார்', அதாவது தன்னார்வச் சமூக ஆண்டு. 1964 முதல் சட்டப்படி நடக்கும் ஏற்பாடு இது. 2011இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தி வைத்தபோது, அதற்கு மாற்றாக இளைஞர்கள் செய்துவந்த சமூகப்பணியும் நின்றது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது பிஎஃப்டி என்ற கூட்டாட்சித் தன்னார்வப் பணி. நடைமுறையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எஃப்எஸ்ஜேவில் சேர 27 வயது நிரம்பியிருக்கக் கூடாது, பிஎஃப்டிக்கு வயது வரம்பு இல்லை.

முதியோர் இல்லம், மருத்துவமனை, மழலையர் காப்பகம், மாற்றுத்திறனாளிகளின் பணிக்கூடம் போன்ற ஓரிடத்தில் முழுநேர உதவியாளராக இருப்பீர்கள். குறைந்தது ஆறு மாதம், வழக்கமாகப் பன்னிரண்டு, நீட்டித்தால் பதினெட்டு. மாதக் கைச்செலவுப் பணம் உண்டு. பல இடங்களில் தங்குமிடமும் உணவும், அல்லது அவற்றுக்கான தொகையும் தருவார்கள். மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட சமூகக் காப்பீட்டுக் கட்டணம் முழுவதையும் நிறுவனமே கட்டும். கைச்செலவுப் பணத்துக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 2025இல் மாதம் 644 யூரோ. பெரும்பாலான இடங்கள் அதைவிடக் குறைவாகவே தருகின்றன. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியாக வேண்டும், அல்லது கடன் வாங்கித்தான் கிளம்ப வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

முதலில் மொழி, பிறகுதான் மற்றதெல்லாம்

ஜெர்மன் மொழித் தேர்வுகள் ஏ1, ஏ2, பி1 எனப் படிப்படியாக ஏறும். ஏ2 சான்றிதழ் இருந்தாலே போதும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. சேருவதற்கு அது போதலாம், அங்கே வாழ்வதற்குப் போதாது. பி1 முடித்துவிட்டுப் போகிறவருக்கும் ஏ2வோடு போகிறவருக்கும் கிடைக்கும் ஆண்டுகள் இரண்டும் வெவ்வேறு. ஏ2வோடு போனவரிடம் பேச்சு தேவைப்படாத வேலைகளையே கொடுப்பார்கள்: தட்டு கழுவுவது, படுக்கை விரிப்பது, வண்டி தள்ளுவது. பேசாததால் மொழி வளராது, மொழி வளராததால் வேறு வேலை வராது. ஆறு மாதம் இந்தச் செக்கைச் சுற்றியவர்கள் ஏராளம்.

அ, ஆ-விலிருந்து தொடங்கி பி1 முடிக்க எட்டு முதல் பத்து மாதம் ஒதுக்குங்கள். கோய்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நம் பயிற்சி வகுப்புகளில் இலக்கணத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக்கூடக் கேட்டலுக்குக் கொடுப்பதில்லை. தினம் அரை மணி நேரம் ஜெர்மன் வானொலி கேட்பதை முதல் மாதத்திலேயே பழக்கமாக்கிவிடுங்கள்.

காலக்கணக்கு

பெரும்பாலான இடங்கள் ஆகஸ்ட் 1 அல்லது செப்டம்பர் 1 அன்று தொடங்குகின்றன. செப்டம்பரில் சேர வேண்டுமானால் முந்தைய அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் விண்ணப்பங்கள் போயிருக்க வேண்டும். மார்ச் வாக்கில் காணொளி நேர்காணல், ஏப்ரலில் ஒப்பந்தம், மே மாதம் விசா மனு. ஜூலையில் ஒப்பந்தம் கிடைத்துவிட்டதென்று துள்ளிக் குதித்து, விசா வரும்போது நவம்பர் ஆகி, இடம் கைவிட்டுப் போவது அடிக்கடி நடப்பது.

விண்ணப்பத்தை 'ட்ரேகர்' எனப்படும் பொறுப்பு அமைப்புக்கு அனுப்ப வேண்டும். ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம், காரித்தாஸ், டியாகோனி, ஆவோ, யோஹானிட்டர், இன்டர்நேஷனாலர் புண்ட், லேபன்ஸ்ஹில்ஃப போன்றவை பெரியவை. மாநிலத்துக்கு மாநிலம் இவற்றின் கிளைகள் தனித்தனி. ஒரு கிளை மறுத்தால் அடுத்த கிளைக்கு எழுதலாம். வெளிநாட்டவரை எடுக்கிறார்களா, தங்குமிடம் உண்டா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். தங்குமிடம் இல்லாத இடத்தை, ஜெர்மனியில் உறவினர் வீடு இருந்தாலன்றி, ஏற்காதீர்கள். முனிச், ஃப்ராங்க்ஃபுர்ட் பக்கம் ஓர் அறை வாடகையே கைச்செலவுப் பணத்தை விழுங்கிவிடும்.

விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகள் செய்வது, நீங்களே அனுப்பக்கூடிய அதே மின்னஞ்சலை அனுப்புவதுதான். அவர்கள் எழுதிக்கொடுக்கும் நோக்கக் கடிதமும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். நூறு விண்ணப்பம் படித்த கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'மனிதகுலத்துக்குச் சேவை செய்யச் சிறுவயதிலிருந்தே ஆசை' என்ற வரி வேலைக்கு ஆகாது. வீட்டில் படுக்கையில் இருந்த தாத்தாவுக்கு என்னென்ன செய்தீர்கள், எந்த வகை இடம் வேண்டும், ஏன், இந்த ஆண்டு முடிந்ததும் என்ன திட்டம் என்பதை எழுதுங்கள். வாழ்க்கைக் குறிப்பு அட்டவணை வடிவில், இரண்டு பக்கத்துக்குள். ஓராண்டு சும்மா இருந்திருந்தால் மறைக்க வேண்டாம். இடைவெளியை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? மருத்துவமனை என்றால் கௌரவம் என்ற நினைப்பு நம்மிடம் அதிகம். ஆனால் நோயாளி மூன்று நாளில் போய்விடுவார், உங்களுக்கோ பரிசோதனை மாதிரிகளையும் கட்டில்களையும் இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் வேலை. முதியோர் இல்லத்தில் உடலுழைப்பு கூடுதல், பேச்சும் கூடுதல். மொழி ஏறுவது அங்கேதான். மாற்றுத்திறனாளிகளின் பணிக்கூடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை நிலையான நேரம், எளிய பேச்சு. மொழியில் தயக்கம் உள்ளவர்களுக்கு இதுவே தோது. மழலையர் காப்பகம் பி1க்குக் கீழே வேண்டவே வேண்டாம். நான்கு வயதுக் குழந்தை உங்களுக்காக மெதுவாகப் பேசாது.

ஒப்பந்தமும் விசாவும்

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வார வேலைநேரம், கைச்செலவுப் பணம், அறை இலவசமா அல்லது பிடித்தமா, விடுப்பு நாட்கள், சோதனைக்காலம் ஆகியவற்றைப் பாருங்கள். சோதனைக்காலம் வழக்கமாக ஆறு வாரம். ஓராண்டுக்கு தன்னார்வர்களுக்கான 25 கருத்தரங்க நாட்கள் கட்டாயம், அவையும் வேலைநாட்களே.

தமிழ்நாடு, புதுச்சேரியில் இருப்பவர்களுக்குச் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகம், இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதற்கான 'நாட்டு விசா'வுக்குக் கட்டணம் 75 யூரோ, உள்ளூர்ப் பணத்தில் கட்டலாம். தன்னார்வர், பொறுப்பு அமைப்பு, பணியிடம் ஆகியோர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மொழிச் சான்று, நோக்கக் கடிதம், தங்குமிடச் சான்று, பயணக் காப்பீடு ஆகியவை முக்கியம். மறுப்புக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. கவுன்ட்டரில் ஜெர்மனில் கேட்ட எளிய கேள்விக்குப் பதில் வராதது ஒன்று. படிப்புக்கும் இந்த ஆண்டுக்கும் தொடர்பைச் சொல்லத் தெரியாதது மற்றொன்று. எம்பிஏ முடித்தவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நேர்மையான, உங்களுடையதான பதிலை ஜெர்மனில் சொல்லிப் பழகுங்கள். முன்பு மறுப்பை எதிர்த்துத் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. புதிதாக மனுப் போட வேண்டும், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியே 500 ரூபாயில் வாங்கிவிடலாம். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான ஆவணம் இல்லாமல் காப்பகத்திலோ மருத்துவமனையிலோ சேர்க்க மாட்டார்கள். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் இங்கேயே மீண்டும் போட்டு, ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை.

முதல் கைச்செலவுப் பணம் மாதக் கடைசியில்தான் வரும். 600, 700 யூரோ கையில் இருப்பது நல்லது. நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, ரயிலில் போக உதவும் டாய்ச்லாண்ட் டிக்கெட் மட்டுமே 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ.

போய் இறங்கிய பிறகு

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதுதான் 'ஆன்மெல்டுங்'. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவு முடிந்தால் வரி எண் தபாலில் வரும். கதவின் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். முதல் நாளே ஒரு துண்டுக் காகிதமாவது ஒட்டுங்கள். விசா முடியுமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு நேரம் வாங்க வேண்டும். நேரம் கிடைக்கவே மாதக்கணக்கு ஆகும் நகரங்கள் உண்டு.

வேலையில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் வேலை சம்பந்தப்பட்டவை அல்ல. புரியாமலே 'யா' (ஆமாம்) என்பது முதலாவது. 'தாஸ் ஹாப இஷ் நிஷ்ட் ஃபெர்ஷ்டாண்டன்' என்ற வாக்கியம், 'எனக்குப் புரியவில்லை', வெட்கமில்லாமல் வாயில் வர வேண்டும். புரிந்ததாகக் காட்டிக்கொண்டு விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குத் தவறான உணவைக் கொடுத்தால் புரையேறி உயிருக்கே ஆபத்தாகும். நாம் ஆமோதித்துத் தலையாட்டுவது அவர்களுக்கு 'இல்லை' என்றே தெரியும், வாயால் சொல்லுங்கள். அன்பாகப் பாட்டி, தாத்தா என்று அழைப்பதை அங்கே இழிவாக எடுத்துக்கொள்கிறார்கள். 'ஃப்ராவ்' (திருமதி), 'ஹெர்' (திரு) சேர்த்துக் குடும்பப்பெயர், 'ஸீ' என்ற மரியாதை விளி, இதில் சலுகை இல்லை. பவேரியாவிலும் ஷ்வாபன் பகுதியிலும் முதியவர்கள் பேசும் வட்டாரவழக்கு முதல் மாதம் வேறு மொழிபோல் ஒலிக்கும். அது உங்கள் தவறல்ல.

மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும் தன்னார்வரின் வேலை அல்ல. ஆள் பற்றாக்குறையில் யாராவது கேட்டாலும் மறுங்கள். ஆளைத் தூக்குவதற்கு முன் தூக்கும் கருவியையோ இன்னொருவரையோ கேளுங்கள், முதுகு ஒன்றுதான். இல்லவாசிகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் அன்றோடு வேலை போகலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் பணி தொடங்குமுன் தொலைபேசியில் சொல்ல வேண்டும், குறுஞ்செய்தி கணக்கில் வராது.

உங்களை வளர்ப்பது கேட்டு வாங்கும் வேலைகள்தான். மூன்றாம் மாதம் முடிந்ததும் வழிகாட்டுநரிடம் வேறு பிரிவை ஒரு வாரம் பார்க்க அனுமதி கேளுங்கள். முதியவர்களோடு வாரம் ஒருமுறை ஏதாவது நடத்த முன்வாருங்கள்: பாட்டு, சீட்டாட்டம், ஒரு மாலைச் சமையல். கருத்தரங்குகளில் நம்மூர்க் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டால் ஐந்து நாளும் தமிழிலோ மலையாளத்திலோ போய்விடும். அறையை ஜெர்மன் இளைஞரோடு பகிரக் கேளுங்கள்.

தொடர்ந்து அங்கே செவிலியர் தொழிற்பயிற்சியில் சேர நினைப்பவர்கள் ஐந்தாம், ஆறாம் மாதத்திலேயே தேடத் தொடங்க வேண்டும். அது மூன்றாண்டுப் படிப்பு, உதவித்தொகை உண்டு. பள்ளிச் சான்றிதழை அந்தந்த மாநிலம் அங்கீகரிக்க மாதங்கள் ஆகும் என்பதால் மொழிபெயர்ப்பையும் மனுவையும் வந்த சில வாரங்களிலேயே அனுப்பிவிடுங்கள். இடையில் வேலையை விட்டால் குடியிருப்பு அனுமதியும் ஆட்டம் காணும். சண்டை என்றால் முதலில் பொறுப்பு அமைப்பிடம் போய் வேறு பணியிடம் கேளுங்கள், ராஜினாமா கடிதம் கடைசி.

ஆண்டு முடிவில் எழுத்துச் சான்று பெறுவது உங்கள் உரிமை. காலத்தை மட்டும் குறிப்பிடுவதல்லாமல், திறனையும் நடத்தையையும் மதிப்பிடும் விரிவான சான்றையே கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள். வந்ததும் வரிவரியாகப் படியுங்கள், ஏனென்றால் அதற்கென ஒரு சங்கேத மொழி உண்டு. 'எப்போதும் மிக முழுமையான திருப்தி' என்றால் முதல்தரம். 'முயற்சி எடுத்தார்' என்று பாராட்டுப்போல் ஒரு வரி இருந்தால், அதைப் படிக்கும் ஜெர்மன் முதலாளி 'செய்யத் தெரியவில்லை' என்று புரிந்துகொள்வார். அப்படி இருந்தால் கிளம்புவதற்கு முன்பே திருத்தித் தரச் சொல்லுங்கள்.