கவனம் தேடும் சக ஊழியர்: எனக்குப் பலித்த வழி

பக்கத்து இருக்கையிலிருந்து நாளுக்கு 10 முறை நாற்காலி திரும்பும்: "ஒரு விஷயம் கேளுங்களேன்." எனக்குப் பலித்தது, முகம் கொடுக்கும் நேரத்தை நானே முடிவு செய்ததுதான்.

குறுக்கே வரும்போது கை கீபோர்டிலேயே இருக்கட்டும். "இதை முடிச்சிட்டு 4 மணிக்கு வரேன்" என்று மட்டும் சொல்லுங்கள். 4 மணிக்கு நிஜமாகவே போய், 5 நிமிடம் முழுசாகக் கேளுங்கள். போகாமல் விட்டால் மொத்தமும் பாழ். நின்றே பேசினால் கிளம்புவது சுலபம்.

முதல் சில நாள் தொல்லை கூடலாம்: பெருமூச்சு, மேசைத் தட்டல், "என் மேல கோபமா?" வழக்கமாகக் கிடைத்தது நின்றதும் பழக்கம் சில சமயம் ஒருமுறை எகிறிவிட்டுத்தான் அடங்கும், உளவியலில் இதற்கு 'எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்' என்று பெயர். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். 10 தடவை தாங்கி, 11-வதில் திரும்பிப் பார்த்தால், 11 தடவை முயலக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். உங்கள் கிண்டலும் முறைப்பும்கூட அவருக்குத் தீனிதான்.

மீட்டிங்கில் உங்கள் வேலையைத் தன்னுடையதாகச் சொன்னால் அங்கே மோத வேண்டாம். யார் எதைச் செய்தார் என்று அன்றே எல்லாருக்கும் நாலு வரி மெயில் போதும்.

நல்ல வேலை செய்த நாளில் கேட்காமலே பாராட்டுங்கள், பொத்தாம்பொதுவாக இல்லாமல்: "அந்த ஷீட்டில் தேதிக் குழப்பத்தைப் பிடிச்சீங்களே, அது."