மூன்றாவது விளக்கு சிவப்பானபோது

நடுராத்திரி நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்துவைக்கும், பல டிஸ்க் போட்ட பெட்டி) விடாமல் பீப் சத்தம். மூன்றாவது விளக்கு சிவப்பு, அதாவது மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது. நான்கு 4 டிபி (டெராபைட்) டிஸ்க்குகளை ரெய்டு 5-இல், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பிக்கும் ஏற்பாட்டில், போட்டிருந்தேன். புழங்க 12 டிபி, மீதி பேரிட்டிக்கு, அதாவது தொலைந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் பிட்டுகளுக்கு. மற்ற மூன்றில் உள்ள பிட்டுகளை எக்ஸ்ஆர் கணக்குப் போட்டால் (1-கள் ஒற்றைப்படையாக இருந்தால் 1, இல்லையென்றால் 0), செத்த டிஸ்க்கில் இருந்தது திரும்பக் கிடைத்துவிடும். அதனால் படங்களெல்லாம் திறந்தன, கொஞ்சம் மெதுவாக.

ஆனால் இன்னொன்றும் போனால் கதை முடிந்தது. ரீபில்டு, அதாவது செத்ததில் இருந்ததைப் புது டிஸ்க்கில் மறுபடி எழுதுவது, நடக்கும்போது மிச்சமிருக்கும் மூன்றையும் முழுசாகப் படித்தாக வேண்டும். பழைய டிஸ்க்குகள் படுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் என்பது என் பயம். முக்கியமானதை முதலில் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன்.

அப்புறம் பெட்டியை அணைத்து, மூன்றாவது தட்டை உருவி, டிஸ்க்கில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணைத் திரையில் குறித்துவைத்த எண்ணோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். நல்ல டிஸ்க்கைக் கழற்றிவைத்தால் அவ்வளவுதான்! புதுசு பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. அதே 4 டிபி செருகி, ரிப்பேர் கொடுத்தேன்.

14 மணி நேரம். 60 சதவீதத்தில் வெகுநேரம் நின்றது, நானும் திரை முன்னால் நின்றேன். கடைசியில் பச்சை.

அடுத்த வாரம் நானே ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தேன். நான்கு டிஸ்க்கும் ஆரோக்கியமாக இருந்தும் பயனில்லை. அந்த வெளி டிஸ்க்கில்தான் கிடைத்தது.