சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப் நேர்காணல்: வடசென்னை மாணவர்களுக்கு எட்டு வாரத் தயாரிப்பு

இன்டர்ன்ஷிப் நேர்காணலில் கோட்டைவிடும் மாணவர்களில் பலருக்கு விடை தெரியும், வாய்தான் வராது. லேபில் தனியாக உட்கார்ந்து போட்ட அதே புரோகிராமிங் கணக்கை, எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் பேசிக்கொண்டே போடச் சொன்னால் கை நின்றுவிடும். ஆகவே கீழே சொல்லும் எட்டு வாரத்தில் பாதி உழைப்பு பேச்சுக்குப் போக வேண்டும்.

பெரிய கம்பெனிகள் பொறியியல் படிப்பின் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அடுத்த கோடைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்துவிடும். சிறிய கம்பெனிகள் வருடம் முழுக்க எடுக்கும். வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ கலைக் கல்லூரியில் பிஎஸ்சி, பிசிஏ படிப்பவர்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்வை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை, கிண்டி, பெருங்குடிப் பக்கம் இருக்கும் நடுத்தரக் கம்பெனிகளுக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள்.

ரெஸ்யூமே ஒரே பக்கம்

பிடிஎஃப் கோப்பாக, ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அப்பா பெயர், மதம், கையெழுத்துக்கு மேல் வரும் உறுதிமொழி எதுவும் தேவையில்லை. அந்த இடத்தைப் பிராஜெக்ட்டுக்குக் கொடுங்கள். ஒரு செமஸ்டரில் தொட்டுப் பார்த்த மொழிகளையெல்லாம் அடுக்காதீர்கள். எழுதியிருப்பது எல்லாமே கேள்வியாக வரும். சி++ என்று எழுதிவிட்டு பாயின்டரைப் பற்றிக் கேட்டதும் முழித்தால், நன்றாகத் தெரிந்த பைதான் மீதும் சந்தேகம் விழும்.

எல்லோரிடமும் இருக்கும் நூலக மேலாண்மை பிராஜெக்ட்டை விட, தெருவில் கேன் தண்ணீர் போடுபவரின் வரவு செலவுக் கணக்கு போன்ற சின்ன வேலை நல்லது. யாருக்காக, ஏன் செய்தீர்கள் என்பதைச் சொல்ல முடியும். அதை, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு, எப்படி ஓட்டுவது என்று ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் பத்து வரி எழுதுங்கள். பிறகு நான்கு கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். இந்த டேட்டாபேஸை ஏன் எடுத்தீர்கள்? ஒரே நொடியில் இரண்டு பேர் ஒரே ஆர்டரைத் திருத்தினால் என்ன ஆகும்? பாஸ்வேர்டை எப்படிச் சேமிக்கிறீர்கள்? எந்தப் பிழை அதிக நேரம் தின்றது? டீமாகச் செய்திருந்தால், உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஐந்து வாரம், 60 கணக்கு

ஒரே மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். பைதானோ ஜாவாவோ, எது கை பழகியதோ அது. முதல் வாரம் அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் (போட்டுவைத்ததை உடனே தேடி எடுக்க உதவும் அமைப்பு). இரண்டாவது வாரம் டூ பாயின்டர், பைனரி சர்ச். மூன்றாவது ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட். நான்காவது ரிகர்ஷன், ட்ரீ. ஐந்தாவது கிராஃபில் பிஎஃப்எஸ் (அகலத் தேடல்), டிஎஃப்எஸ் (ஆழத் தேடல்). டைனமிக் புரோகிராமிங்கை நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். அதற்குள் வராவிட்டால் விடையைப் படித்து, மூடிவைத்து, வெற்றுப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை அதையே திரும்ப எழுதுங்கள். லீட்கோட் பயிற்சித் தளத்தில் 300 கணக்கை மேலோட்டமாகப் பார்த்தவரை விட 60 கணக்கைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்தவர் நேர்காணலில் நன்றாக நிற்பார்.

ஒரு கணக்கை எப்படிப் பேசிக்கொண்டே போடுவது என்று பார்ப்போம். காசிமேட்டில் நான்கு கூடைகளின் விலை முறையே 250, 400, 150, 350 ரூபாய். சரியாக 500 ரூபாய் வரும் இரண்டு கூடைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உடனே புரோகிராமை எழுதாதீர்கள், முதலில் கேளுங்கள். ஒரே கூடையை இரண்டு முறை எடுக்கலாமா? ஜோடியே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும்? எத்தனை கூடைகள் வரை வரும்? இந்தக் கேள்விகளுக்கே மதிப்பெண் உண்டு.

அடுத்து நேரான வழியைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஜோடியையும் கூட்டிப் பார்ப்பது. கூடைகள் 1,00,000 என்றால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள். நொடிக்கு சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று வைத்துக்கொண்டாலும் 50 நொடி ஆகும், பைதானில் அதைவிடப் பல மடங்கு. 'இது ஓடும், ஆனால் மெதுவாக' என்று சொல்லிவிட்டு ஹேஷ்மேப்புக்குப் போங்கள். ஒவ்வொரு விலைக்கும் 500இல் மீதி எவ்வளவு, அந்த மீதி ஏற்கெனவே மேப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

பலர் வழுக்கி விழுவது இங்கேதான். விலையை முதலில் மேப்பில் போட்டுவிட்டு அப்புறம் தேடினால், முதல் கூடையான 250க்கு மீதியும் 250. அது தன்னையே ஜோடியாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். முதலில் தேடுங்கள், பிறகு போடுங்கள். அப்போதுதான் 150, 350 என்ற சரியான விடை வரும். எழுதி முடித்ததும் இந்த நான்கு எண்களை வைத்துக் கையாலேயே வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள். கேட்பவர் பிழையைச் சுட்டுவதற்கு முன் நீங்களே பிடித்துவிட்டால் அது பெரிய பலம்.

ஆன்லைன் டெஸ்ட்டில் பேச்சு இல்லை, கெடு மட்டும்தான். பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடத்தில் இரண்டு மூன்று கணக்குகள். எல்லாவற்றையும் படித்துவிட்டு எளியதில் தொடங்குங்கள். மாதிரி உள்ளீட்டில் தேறி, மறைவான டெஸ்ட் கேஸில் விழுவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. காலி அரேயைச் சோதிக்காமல் விடுவது ஒன்று. ஜாவாவில் கூட்டுத்தொகை 2147483647ஐத் தாண்டும்போது இன்ட் வகையிலேயே வைத்திருப்பது ஒன்று. பைதானில் ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 1000 என்பதை மறப்பது இன்னொன்று.

ஆறாவது வாரம்: எஸ்க்யூஎல்லும் அடிப்படையும்

இரண்டாவது அதிகச் சம்பளம், துறைவாரியாக எண்ணிக்கை, ஒரு ஆர்டர்கூட இல்லாத வாடிக்கையாளர். டேட்டாபேஸிலிருந்து இந்த மூன்றையும் எடுக்கும் எஸ்க்யூஎல் வினவலைத் தாளில் எழுதத் தெரிய வேண்டும். குழுவாக்குவதற்கு முன் வடிகட்டுவது WHERE, குழுவாக்கிய பின் வடிகட்டுவது HAVING. NOT IN போட்ட உள்வினவலில் ஒரே ஒரு NULL (காலி மதிப்பு) இருந்தாலும் விடை காலியாக வரும், இதைக் கேட்பார்கள். இவற்றோடு பிராசஸுக்கும் த்ரெட்டுக்கும் உள்ள வேறுபாடு, இன்டெக்ஸ் ஏன் வேகம் தருகிறது, வெப் சர்வர் தரும் பிழைக் குறியீடுகளான 401க்கும் 403க்கும் என்ன வித்தியாசம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் இன்டர்ன்ஷிப் அளவுக்குப் பெரும்பாலும் போதும்.

கடைசி இரண்டு வாரம் வாய்க்கு

நண்பரோடு மாற்றி மாற்றி வாரம் மூன்று மாதிரி நேர்காணல், ஒவ்வொன்றும் 45 நிமிடம். தாளில்தான் எழுத வேண்டும், போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்டால் எங்கே மௌனமானீர்கள் என்று தெரியும். தமிழ் வழியில் படித்தவர்கள் அலங்கார ஆங்கிலத்துக்கு அலைய வேண்டாம். 'முதலில் இதைச் செய்கிறேன், ஏனென்றால்', 'ஒரு நிமிடம் யோசிக்கிறேன்', 'கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா' என்பது போன்ற பத்துப் பன்னிரண்டு சின்ன வாக்கியங்களை ஆங்கிலத்தில் சரளமாக்கிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரை யோசித்துக் காட்டுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லை என்றால், கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கென்றே இடம் இருக்கிறது. வீடியோ நேர்காணலுக்கு மட்டும் பூட்டக்கூடிய அறை வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரி ஹாரன் பேச்சை விழுங்கிவிடும். உட்பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டையோ கல்லூரி லேபையோ முன்கூட்டியே கேட்டுவைத்து, மைக் உள்ள இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்கு ஒரு ஜிபி அல்லது அதற்கு மேலும் டேட்டா போகலாம். அன்று காலையில் ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மின்சாரம் போனாலும் சமாளிக்க லேப்டாப்பில் முழு சார்ஜும் இன்னொருவர் போனில் ஹாட்ஸ்பாட்டும் இருக்கட்டும்.

நேரில் போவதென்றால், திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் மாறாமல் போகலாம். தரமணி, பெருங்குடி என்றால் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறுங்கள். சிறுசேரி வரை என்றால் அதற்கப்புறமும் பஸ் இருக்கிறது, கணிசமாகக் கூடுதல் நேரம் வையுங்கள். முடிந்தால் முதல் நாளே ஒரு முறை போய்ப் பாருங்கள்.

பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சான்றிதழுக்குப் பணம் என்று எது கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.