"நானே பார்த்தேன் சார்!": எழுபது முதல் தொண்ணூறு வரை வினாடி வினாவில் வழுக்கும் இடங்கள்

சோழர் காலத்தைப் பற்றி வினாடி வினாவில் கேள்வி கேட்டால் சண்டை வராது. 1983-ஐப் பற்றிக் கேட்டால் கட்டாயம் வரும். ராஜேந்திரன் கங்கைக்குப் படை அனுப்பியபோது அரங்கில் இருப்பவர்கள் யாரும் கூடப் போகவில்லை. அதனால் புத்தகம் சொல்வதை ஒப்புக்கொள்கிறார்கள். 1983-இல் பாதிப் பேர் இருந்தார்கள். "நானே டிவியில பார்த்தேன் சார்" என்று எழுந்து நிற்பார்கள்.

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குச் சில ஆண்டுகளாக நான்தான் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். அதில் வாங்கிய அடிகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுதுபவர்களும் பதில் சொல்பவர்களும் தவறுவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல, சொந்த ஞாபகத்தின் மேல் உள்ள நம்பிக்கையால்தான்.

ஒரு பெரியவர் கபில்தேவ் ஜிம்பாப்வேக்கு எதிராக அடித்த 175 ரன்களை டிவியில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம், 17 ரன்களுக்கு ஐந்து விக்கெட் போன நிலையிலிருந்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திய இன்னிங்ஸ். எல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒளிப்பதிவே கிடையாது. பிறகு பார்த்த இறுதி ஆட்டக் காட்சிகளும் படித்த கட்டுரைகளும் சேர்ந்து அவர் மனத்துக்குள் ஒரு படத்தை ஓட்டியிருக்கின்றன. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. அதே கேள்வித்தாளில் நான் "1983-இல் இந்தியா வென்ற 50 ஓவர் உலகக் கோப்பை" என்று எழுதியிருந்தேன். முதல் மூன்று உலகக் கோப்பைகளும் 60 ஓவர் போட்டிகள். 1987-இல்தான் 50 ஆனது. ஸ்கோர் அட்டையைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் இந்தியா 54.4 ஓவரில் 183-க்கு ஆட்டமிழந்தது, மேற்கிந்தியத் தீவுகள் 52 ஓவரில் 140. இரண்டு அணிகளுமே ஐம்பதைத் தாண்டி ஆடியிருக்கின்றன! இன்றைய விதியை அன்றைய ஆட்டத்தின் மேல் ஒட்டவைத்துவிட்டேன். போகிற போக்கில் இன்னொன்று: அந்த இறுதி ஆட்டத்தில் இரு தரப்பிலும் சேர்த்து அதிக ரன் அடித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். கபில் என்பார்கள், அமர்நாத் என்பார்கள், ரிச்சர்ட்ஸ் என்பார்கள். நம்ம ஊர் ஸ்ரீகாந்த்தான், 38.

கால்பந்தில் மாரடோனா கையால் தட்டிப் போட்ட "கடவுளின் கை" கோலிலும் இதே கலப்பு நடக்கும். அதை இறுதி ஆட்டத்தில் அடித்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது 1986 ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா வென்றது மேற்கு ஜெர்மனியை. வெறும் "ஜெர்மனி" என்று விடைத்தாளில் போடாதீர்கள். 1990 உலகக் கோப்பையில் இன்னும் வழுக்கும். பெர்லின் சுவர் 1989 நவம்பர் 9-ஆம் தேதியே திறந்துவிட்டது, ஆகவே 1990-இல் வென்றது ஒன்றுபட்ட ஜெர்மனி என்று கணக்குப் போடுவார்கள். இறுதி ஆட்டம் நடந்தது ஜூலை 8, இணைப்பு நடந்தது அக்டோபர் 3. சுவர் விழுந்தது, ஜெர்மனி இணைந்தது, சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. இந்த மூன்றும் ஞாபகத்தில் ஒரே வாரத்துச் செய்தி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துப் பார்க்கத் தேதிதான் வழி.

தேதியிலும் கண்ணிவெடி உண்டு. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்று பள்ளியில் படித்தோம். அது அமெரிக்காவின் இரவு. இந்திய நேரப்படி ஜூலை 21 காலை 8.26. "இந்திய நேரப்படி" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் சண்டை இல்லை. விருதுகளுக்கும் அப்படித்தான், படத்தின் ஆண்டு ஒன்று, விழா நடந்த ஆண்டு ஒன்று. ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் பானு அத்தையா, 'காந்தி' படத்தின் உடை வடிவமைப்புக்காக. படம் 1982, விழா 1983. எது வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். (விடை ரகுமான் என்று கை தூக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் வாங்கியது 2009-இல்.)

"முதல்" என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு இப்போது பயம். "இந்தியாவுக்கு டிவி எப்போது வந்தது?" என்றால் பாதிப் பேர் ஆசிய விளையாட்டு நடந்த 1982 என்பார்கள். வந்தது 1959-இல், டெல்லிக்கு. சென்னைக்கு 1975-இல். 1982-இல் வந்தது வண்ணம். "இந்தியாவுக்கு இன்டர்நெட் எப்போது?" கல்வி நிறுவனங்களின் வலையமைப்பு எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டது, 1995 ஆகஸ்ட் 15 என்பது பொதுமக்களுக்குக் கிடைத்த நாள். யாருக்கு, எங்கே, எந்த வகையில் முதல் என்று அடைமொழி போடாத "முதல்" கேள்வியை நான் இப்போதெல்லாம் தாளில் ஏற்றுவதில்லை. கல்பனா சாவ்லாவையும் அப்படித்தான் கேட்க வேண்டும். 1997-இல் விண்வெளிக்குப் போனபோது அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், இந்தியாவில் பிறந்த முதல் விண்வெளிப் பெண். இந்தியக் குடிமகனாகப் போன முதல் ஆள் ராகேஷ் சர்மா, 1984-இல். அவர் நிலவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்பதும் தவறு. 1989-இல் அவர் முன்வைத்தது வலை, அதாவது வேர்ல்டு வைடு வெப். அது ஓடுகிற வலையமைப்புக்கு அப்போதே இருபது வயது. தமிழில் இரண்டையும் "இணையம்" என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நமக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல்.

நம் மொழி மட்டுமே உண்டாக்குகிற வேறொரு சிக்கல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. "சென்னையின் பழைய பெயர் என்ன?" என்று கேட்டு "மெட்ராஸ், 1996-இல் மாறியது" என்று விடை எழுதுகிறோம். 1996-இல் மாறியது ஆங்கிலத்தில் எழுதும் பெயர். தமிழ்ப் பத்திரிகைகள் அதற்கு முன்பும் சென்னை என்றுதான் அச்சிட்டன. பேச்சில் மெட்ராஸ், எழுத்தில் சென்னை. சிலோன் 1972-இல் ஸ்ரீலங்கா ஆனபோதும் தமிழில் இலங்கை இலங்கையாகவே இருந்தது. இங்கே ரேடியோவைத் திருகியவர்களுக்கு அதற்கு முன்னும் பின்னும் அது இலங்கை வானொலிதான். ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே பெயர்த்து எழுதினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சினிமாவுக்கு வராமல் முடிக்க முடியாது. நான் பார்த்ததிலேயே பெரிய கலவரம் சிறந்த நடிகருக்கான தேசிய விருதால் வந்தது. சிவாஜிக்கு அது ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டபொம்மன் வேடத்துக்காக 1960-இல் கெய்ரோ விழாவில் அவர் வாங்கிய விருதைச் சிலர் தேசிய விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக, 1971-ஆம் ஆண்டுக்கான விருது அறிவிக்கப்பட்டது எம்.ஜி.ஆருக்கு. அப்போது அதற்குப் பெயர் பாரத் விருது. அவர் இறந்த பிறகு 1988-இல் வழங்கப்பட்டது பாரத ரத்னா. இரண்டும் வேறு. ஒரே ஆளுக்கு வந்ததால் ஒன்றாகிப்போன விருதுகள் இவை. இந்தக் கேள்வியை முதல் சுற்றில் வைக்காதீர்கள், கடைசிச் சுற்று வரை கூட்டம் ஆறாது.

மேற்கோள் கேள்விகளை நான் விட்டே விட்டேன். அப்பல்லோ 13 விண்கலத்திலிருந்து வந்த வார்த்தைகளை எல்லோரும் "ஹூஸ்டன், ஒரு பிரச்சினை இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் சொல்வார்கள், அது 1995-இல் வந்த சினிமா வசனம். 1970-இல் விண்கலத்திலிருந்து உண்மையில் வந்தது "ஒரு பிரச்சினை ஏற்பட்டது" என்கிற மாதிரியான வாக்கியம். தமிழில் சொல்லிக் கேட்டால் யாருக்கு எது சரி என்று எப்படி மதிப்பெண் போடுவது?

பி.டி. உஷா தவறவிட்டது வெண்கலம், தங்கம் அல்ல. 1984 ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம், நூறில் ஒரு நொடி. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "இருபதாம் நூற்றாண்டில் உலக சதுரங்கப் பட்டம் வென்ற இந்தியர் யார்?" ஆனந்த், டெஹ்ரானில் ஷிரோவை வென்றது 2000 டிசம்பரில். நூற்றாண்டு 1-இல் தொடங்குவதால் அது முடிந்தது 2000 டிசம்பர் 31. ஆனால் 2000 ஜனவரி 1 அன்றே பட்டாசு வெடித்துப் புது நூற்றாண்டைக் கொண்டாடிய ஆட்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். விடை சொல்ல அரை நிமிடம், அதற்குப் பிறகு வரும் வாக்குவாதத்துக்குப் பத்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கியிருக்கிறேன்.